மீட்டருக்குத் தெரியாத ருசி

போன மாதம் ஒருவர், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு, "நூத்தியிருபது காட்டுதுங்கண்ணா, பக்கத்துக் கம்பெனியில முப்பதுதான்" என்று எங்கள் தண்ணீர் கேனைத் திருப்பியனுப்பினார். ஒரு வாய் குடித்துக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் பிளான்ட்டை மகன் கையில் ஒப்படைத்து ஒதுங்கும் நேரத்தில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மீட்டர் அளப்பது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை மட்டும். கரைந்திருப்பது எந்த உப்பு என்பது நாக்குக்குத்தான் பிடிபடும். சோடியம் குளோரைடு கரிக்கும். மக்னீசியம் அடிநாக்கில் கசக்கும். கால்சியம் பைகார்பனேட் அளவாக இருந்தால் தண்ணீர் தொண்டையில் நிறைவாக இறங்கும்.

சேலத்தில் எங்களைப் படுத்துவது மக்னீசியம். சுண்ணாம்புக் கரட்டில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் மேக்னசைட். பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த டியூனைட் பாறை மாறி உண்டானது. அந்தப் பக்கத்து போர்த் தண்ணீரை ஆர்ஓவில் விட்டால் கசப்பு போகும், கூடவே எல்லாம் போகும். பைகார்பனேட்டை மெம்பரேன் தடுத்துவிடும், கரியமில வாயுவோ தப்பித்துவிடும். தண்ணீர் சப்பென்று, லேசான புளிப்போடு நிற்கும். அதே போரிலிருந்து கொஞ்சம் திருப்பிக் கலந்தால் கசப்பும் திரும்பி வரும். கரட்டிலிருந்து எட்டத்தில் இருந்த கிணறு ஒன்றின் தண்ணீரை வடிகட்டிக் கலந்த பிறகுதான் எனக்கு வழி பிறந்தது.

அந்த வழியைக் காட்டியவர் கிணறு வெட்டிப் பிழைத்த ஒரு பெரியவர். விடிகாலையில், டீயும் வெற்றிலையும் தொடுவதற்கு முன், ஆறிய தண்ணீரைத்தான் ருசி பார்க்கச் சொல்வார். ஐஸ் போட்ட தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவார். குளிர்ச்சியில் நாக்கு மரத்துவிடும். பிறகு துவரம்பருப்பை வேகவைப்பார். கடின நீரில் பருப்பு குழையாது. வெந்ததைக் கையில் நசுக்கிக் காட்டி, "இப்ப சொல்லு தம்பி, எந்தக் கிணறு?" என்பார். எனக்கு வேறு ஆய்வகம் அப்போது இல்லை.

இன்றைய பையன்கள் கலக்கும் வால்வை முழுக்க மூடிவிட்டு, முப்பது காட்டியதும் லாரி ஏற்றுகிறார்கள். வாங்குபவர்கள் அதை மினரல் வாட்டர் என்கிறார்கள். ஆனால் இயற்கை மினரல் வாட்டருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 150 முதல் 700 மில்லிகிராம்வரை கரைந்த உப்பு இருக்கச் சொல்கிறது. பிரான்சின் வோல்விக் மினரல் வாட்டர், எரிமலைப் பாறையில் ஊறிய தண்ணீர். அதில் கரைந்த சிலிக்காவையும் உப்புகளையும் லேபிளில் அச்சிட்டு, பெருமையாக விற்கிறார்கள்.

பிளான்ட் நடத்தும் தம்பிகளே, ஆய்வறிக்கையில் டிடிஎஸ் வரியோடு நிறுத்தாதீர்கள். மக்னீசியம், கால்சியம், பைகார்பனேட் மூன்றையும் படியுங்கள். பிறகு ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள்.