சங்கம் படமும் கிழக்குத் தாம்பரம் அத்தையும்

போன ஞாயித்துக்கிழமை கிழக்குத் தாம்பரத்துல இருக்கற அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். ரிமோட்டை வெச்சுக்கிட்டு சேனல் சேனலா தாவிட்டு இருந்தப்ப, ஒரு இந்தி சேனல்ல ராஜ்கபூரோட 'சங்கம்' ஓடிட்டு இருந்துச்சு. பதறிப் போய் மாத்தப் பார்த்தேன். "இருக்கட்டும்டா, அவ வர்ற சீனைப் பார்த்துட்டு மாத்திக்கோ"ன்னாங்க அத்தை. 'அவ'ன்னு சொன்னது வைஜெயந்திமாலாவை.

இதுல என்னய்யா இருக்குன்னு கேப்பீங்க. எங்க குடும்பத்துல இது பெரிய விஷயம். கொஞ்சம் கொசுவத்தி சுத்தினாதான் புரியும். பொறுத்துக்கோங்க.

மாமா ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவர். உடனே மீசை, கூலிங்கிளாஸ், பைலட்னு கற்பனை பண்ணிக்காதீங்க. விமானத்துக்கு அடியில படுத்து வேலை பார்க்கற ஆளு. "நாங்க முறுக்கினாதான் அவங்க பறக்க முடியும்"னு பெருமையா சொல்லுவார். கடைசி போஸ்டிங் தாம்பரம். இங்க இருக்கற ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல் 1948-ல அம்பாலாவுல ஆரம்பிச்சு, 1954-ல தாம்பரத்துக்கு வந்தது. விமானம் ஓட்டக் கத்துக் கொடுக்கற வாத்தியாருங்களுக்கே கத்துக் கொடுக்கற பள்ளிக்கூடம். நான் சின்னப் பையனா லீவுக்கு வரும்போது தலைக்கு மேல கிரண் விமானம் போனா டிவி சத்தமே கேக்காது. பேச்சை அப்படியே நிறுத்தி வெச்சு, அது போனதும் விட்ட இடத்துலேர்ந்து தொடருவாங்க. அந்த ஏரியாக்காரங்க எல்லாருக்கும் இது பழக்கம்.

அந்த மாமாவுக்கு உலகத்துலயே ஒரே படம்தான். 1964-ல வந்த 'சங்கம்'. அவர் கணக்குல அது "ஏர்ஃபோர்ஸ் படம்". உண்மையைச் சொன்னா, கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஓடற அந்தப் படத்துல விமானம் வர்றதை விட வெனிசும் பாரிசும் வர்றதுதான் ஜாஸ்தி. ஆனா மாமாகிட்ட அதைச் சொல்லிட்டுத் தப்பிக்க முடியாது.

கதை தெரியாதவங்களுக்காக சுருக்கமா. சுந்தர் (ராஜ்கபூர்), கோபால் (ராஜேந்திர குமார்), ராதா (வைஜெயந்திமாலா) மூணு பேரும் சின்ன வயசுலேர்ந்து பழக்கம். சுந்தருக்கு ராதா மேல காதல். ராதாவுக்கு கோபால் மேல. கோபாலுக்கும் அவ மேல ஆசைதான், ஆனா நட்புக்காக வாயைத் திறக்க மாட்டான். சுந்தர் விமானப்படையில சேர்ந்து, ஆபத்தான ஒரு வேலையா காஷ்மீர் பக்கம் போய்க் காணாம போயிடறான். செத்துட்டான்னு எல்லாரும் நினைக்க, ராதாவும் கோபாலும் நெருங்கி வர்ற நேரத்துல உயிரோட திரும்பி வந்து நிக்கறான். கோபால் மறுபடியும் ஒதுங்கிடறான். சுந்தருக்கும் ராதாவுக்கும் கல்யாணம். அப்புறம் ஒரு பழைய கடிதம், சந்தேகம், கடைசியில துப்பாக்கி.

கோபால் ஒதுங்கற சீன் வந்தா மாமா கண்ணைத் துடைச்சுப்பார். "ஃப்ரெண்டுன்னா இவன்தாண்டா ஃப்ரெண்டு"ன்னு எங்களைப் பார்த்துச் சொல்லுவார். அத்தை அந்த நேரம் பார்த்து எழுந்து அடுப்படிக்குப் போயிடுவாங்க. பாலை அடுப்புல வெச்சிருக்காங்க போலன்னு நானும் ரொம்ப வருஷம் நினைச்சுட்டு இருந்தேன்.

பின்னாடி பழைய ஹாலிவுட் படங்களைத் தேடிப் பிடிச்சுப் பார்க்க ஆரம்பிச்சப்பதான் இந்தக் கதை எவ்வளவு பழசுன்னு தெரிஞ்சது. முதல் ஆஸ்கர் விழாவுல சிறந்த படம்னு விருது வாங்கின 'விங்ஸ்' (1927) மௌனப் படத்துல ரெண்டு பைலட், ஒரே பொண்ணுக்குப் போட்டி, அப்புறம் உயிர் நட்பு. எதிரி எல்லைக்குள்ள விழுந்து செத்துட்டான்னு நினைச்ச ஒருத்தன் திரும்பி வர்றான். அப்ப சின்னக் கம்பெனியா இருந்த கொலம்பியாவுக்காக ஃப்ராங்க் காப்ரா எடுத்த 'ஃப்ளைட்' (1929) படத்துலயும் ரெண்டு நண்பர்கள், ஒரு நர்ஸ். ஒருத்தன் தன் காதலைச் சொல்ல இன்னொருத்தனைத் தூது அனுப்பறான். அப்புறம் ஒருத்தன் விமானத்தோட விழ, இன்னொருத்தன் தேடிப் போறான். இந்தப் படங்கள்ல விமானம் எதுக்குன்னா, ஒருத்தனைக் கொஞ்ச நேரம் காணாம அடிக்கத்தான். அவன் திரும்பி வந்ததும் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுப்பாங்க. நாமளும் கண்ணைத் துடைச்சுப்போம்.

22 ஜூலை 2016, வெள்ளிக்கிழமை. காலையில தாம்பரத்துலேர்ந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பின ஏஎன்-32 விமானம் வங்கக்கடல் மேல காணாம போச்சு. உள்ள 29 பேர். அன்னிக்கு சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். மாமா நியூஸ் சேனல் முன்னாடி அசையாம உக்காந்திருந்தார். கப்பல், விமானம், நீர்மூழ்கின்னு நாள் கணக்குல தேடினாங்க. மாமா சோறு தண்ணி இல்லாம பார்த்தார். "லைஃப் ஜாக்கெட் இருக்கும், எங்கயாவது மிதந்துட்டு இருப்பாங்க, வந்துடுவாங்க"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருந்தார்.

ரெண்டாவது வாரமோ என்னவோ, அத்தை டக்குனு டிவியை அணைச்சாங்க.

"உங்க படத்துல மட்டும்தாங்க காணாமப் போனவன் திரும்பி வருவான். நீங்க அசாம்ல இருந்தப்ப லீவுக்கு வர்றேன்னு லெட்டர் போட்டுட்டு பதினோரு நாள் வரலியே, ஞாபகம் இருக்கா? மழை, விமானம் கிளம்பலைன்னு வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. அந்தப் பதினோரு நாள் நான் எப்படி இருந்தேன்னு இன்னிவரைக்கும் கேட்டதில்லை. அந்த ராதாவையும் யாரும் கேக்கலை. யாருக்கு அவன்னு ரெண்டு ஆம்பளைங்களே பேசி முடிச்சுக்கறாங்க, அதுக்குப் பேரு நட்பு. நீங்க அதைப் பார்த்து அழறீங்க."

மாமா ஒண்ணுமே பேசலை. எனக்கு எங்க பார்க்கறதுன்னு தெரியலை. அதுக்கப்புறம் அந்த வீட்டுல சங்கம் ஓடவே இல்லை. அந்தப் பதினோரு நாளைப் பத்தி மாமா பிற்பாடு கேட்டாரான்னும் எனக்குத் தெரியாது. 2019-ல அவரும் போயிட்டார்.

ஜனவரி 2024-ல செய்தி வந்துச்சு. கடலுக்கு அடியில, சுமார் 3,400 மீட்டர் ஆழத்துல, சென்னைக் கரையிலேர்ந்து 310 கிலோமீட்டர் தள்ளி அந்த விமானத்தோட உடைஞ்ச பாகங்கள் இருக்குன்னு. படம் எடுத்தது நம்ம பள்ளிக்கரணையில இருக்கற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தோட ஆளில்லா நீர்மூழ்கி. தாம்பரத்துலேர்ந்து வேளச்சேரி பஸ்ல போனா வழியில வர்ற அதே என்ஐஓடிதான். ஏழரை வருஷம் கழிச்சு, பக்கத்து ஊர்க்காரங்க கண்டுபிடிச்சுச் சொன்னாங்க.

பேப்பரை எடுத்துட்டுப் போய் அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன். முழுசும் கேட்டாங்க. "அந்தப் பொம்பளைங்க இத்தனை வருஷமும் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா திரும்பிப் பார்த்திருப்பாங்கடா"ன்னு மட்டும் சொன்னாங்க.

போன ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். அத்தை சொன்ன சீன் கடைசியில வந்துச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நசுங்கிப் போன ராதா, ஒருவழியா வாயைத் திறந்து ரெண்டு பேரையும் சேர்த்துக் கேட்டுடறா. எங்க திருவல்லிக்கேணிப் பொண்ணு என்னமா நடிச்சிருக்குன்னு நான் வாயைப் பிளந்து பார்த்தேன். இத்தனை தடவை பார்த்த படம், இந்த சீன் மட்டும் மனசுல தங்கவே இல்லை. மாமா அழுத இடத்துலதான் நானும் அழுதிருக்கேன்.

"இப்ப மாத்திக்கோ"ன்னாங்க அத்தை. மாத்தலை. ரிமோட்டைக் கீழ வெச்சுட்டு, "அந்தப் பதினோரு நாள் என்ன பண்ணீங்க அத்தை?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. அப்புறம் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டு, முதல் நாள்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. நான் வீட்டுக்குக் கிளம்பும்போது மணி பத்தரை.