ஜன்னலில் ஒரு விளக்கு



நேற்று ரோச் பூங்காவில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். அவர் மகன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். வளைகுடாவில் வெல்டராக இருந்தபோது விபத்தில் போய்விட்டான். அன்று அந்த அம்மா பாஸ்போர்ட் ஜெராக்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "யாரைப் போய்ப் பார்க்கணும் சார்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அலைந்து திரிந்து, உடல் வந்து சேர 26 நாள் ஆனது.

ஏஜென்ட் அவனை விசிட் விசாவில் அனுப்பியிருக்கிறான். முறைப்படி இமிகிரேட் பதிவோடு போயிருந்தால், பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் 10 லட்சம் ரூபாய் காப்பீடு இருந்திருக்கும். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நம் ஊர்க்காரர்கள் கடல் கடந்து போவது புதிதல்ல. தோணியில் கொழும்புக்குப் போனவர்கள் நம் முன்னோர்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அந்தக் கொழும்பு வழித்தடத்துக்குத்தான். போகிறவர்களை வழியனுப்பத் தெரிந்த நாம், போன பிறகு விசாரிக்கக் கற்றுக்கொண்டது தாமதமாகத்தான். வெளிநாடு வாழ் தமிழர்களுக்கான நலச் சட்டம் 2011இலேயே வந்துவிட்டது. ஆனால் அயலகத் தமிழர் நல வாரியம் செயல்படத் தொடங்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. இப்போது தனித் துறை இருக்கிறது. ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம். 'வேர்களைத் தேடி' என்று வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளை அழைத்து வந்து தமிழ்நாட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் விழாவுக்கு வர முடியாத வெல்டரும் கொத்தனாரும்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

அயர்லாந்தில் 1990இல் மேரி ராபின்சன் அதிபரானதும், வெளிநாடு போன தம் மக்களுக்காக மாளிகை ஜன்னலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தாராம். வெறும் விளக்கோடு நிற்கவில்லை. 2004 முதல் அந்த அரசு, வெளிநாடுகளில் தவிக்கும் முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் உதவும் அமைப்புகளுக்குப் பணம் கொடுத்து வருகிறது. விளக்கும் வேண்டும், எண்ணெயும் வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிவு செய்யுங்கள். விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். பாஸ்போர்ட், விசா நகல்களையும் இந்தியத் தூதரக எண்ணையும் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். ஆபத்தில் உதவ தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதியும் இருக்கிறது.

முடித்தவர்கள் கீழே "முடித்தேன் சார்" என்று எழுதுங்கள். அந்த அம்மா கேட்ட கேள்வியை இன்னொரு அம்மா என்னிடம் கேட்கக் கூடாது.

பனிமய மாதா திருவிழாவுக்கு வருகிறவர்கள் வீட்டுக்கும் வந்து போங்கள்.