அடைதலும் கடத்தலும்

கணிப்பொறி நிரலில் நேரும் வழுக்களை ஆராய்ந்து காண்டற்கு உதவும் கருவிகளுள் 'ஜிடிபி' என்பது ஒன்று. ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1986-ஆம் ஆண்டில் இதனை இயற்றினார். நிறுத்தப்புள்ளி இட்ட இடத்தை நிரல் 'அடையும்பொழுது' நின்றுவிடும் என்று இதன் ஆங்கிலக் கையேடு கூறுகின்றது.

அடைதலாவது யாது? அவ்வரி நடந்தேறிய பின்னர் நிற்றலோ, நடவாமுன் நிற்றலோ? திண்டிவனத்து மாணவர் சிலரோடு யாம் இக்கருவியைப் பயின்ற ஞான்று இவ்வையம் எழுந்தது. சி மொழி நிரலொன்றில், 'மொத்தம்' என்பதற்கு முதன்முதலாக 5 என மதிப்பளிக்கும் வரியில் நிறுத்தி, அம்மதிப்பை வினவினோம். 5 வரவில்லை, தொடர்பற்ற ஓர் எண் வந்தது. "என் ஆங்கில அறிவு போதாது" என்று கூறி ஒரு மாணவர் கையேட்டை மூடிவிட்டார். அச்சொல் எம்மை வருத்திற்று. குறை அவருடையதன்று, நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக எண்ணிய மயங்கவைத்தலே அது.

'நெக்ஸ்ட்' எனக் கட்டளையிட்டு மீண்டும் வினவினோம், 5 வந்தது. உண்மை விளங்கிற்று. திண்டிவனத்தினின்று செல்லும் புகைவண்டி, விழுப்புரம் சந்திப்பின் கைகாட்டியைக் கடவாது அதற்கு இப்பால் நிற்றல் போல, நிரலும் குறித்த வரிக்கு இப்பாலே நிற்கின்றது. திரையில் தோன்றும் வரி நடந்ததன்று, இனி நடப்பது.

இவ்விளக்கத்தைத் தமிழில் இரண்டு வரியாக எழுதி, எம் படியில் சேர்த்துக்கொண்டோம். குனு கட்டற்ற ஆவண உரிமத்தின்கீழ் வெளிவரும் அக்கையேட்டைத் திருத்தி வழங்க யாவர்க்கும் உரிமையுண்டு. ஆதலின், மாணவ நண்பர்காள், நூல் விளங்காதவிடத்து நும்மையே நொந்துகொள்ளற்க. சோதித்துத் தெளிமின், தெளிந்ததைப் பின்வருவார்க்கு எழுதி வைம்மின்.