சேதுப் பாதையின் அன்னக்கூடம்: ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள ஒரத்தநாட்டில், அரண்மனையோ என ஐயுறத்தக்க பெருங்கட்டடம் ஒன்று நிற்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802ஆம் ஆண்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரம் அது. வழிப்போக்கர்கள் கட்டணமின்றித் தங்கி உண்பதற்கென நிலமானியம் விட்டு ஏற்படுத்தப்படும் அறநிலையமே சத்திரம் எனப்பட்டது. மன்னரின் அன்புக்குரியவளாயிருந்த முக்தாம்பாள், இறக்கும் தறுவாயில் தன் பெயரால் ஓர் அன்னசத்திரம் வேண்டும் என்று கேட்டாள் எனச் செவிவழிச் செய்தி கூறும். சுற்றுலாக் குறிப்புகள் பெரிதும் விரும்புவது இக்காதல் கதையைத்தான். ஆயினும் சத்திரம் எழுந்த இடத்தையும் காலத்தையும் கருதினால்தான் அதன் பொருள் விளங்கும்.

இடம், இராமேசுவரம் செல்லும் பாதை. காசியிலிருந்து கங்கைநீர் சுமந்து வந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்வதும், சேதுக் கரையின் மணலை எடுத்துச்சென்று கங்கையில் கரைப்பதும் ஒரே யாத்திரையின் இரு பாதிகளாகக் கொள்ளப்பட்டமையால், பன்மொழி பேசும் அடியார் கூட்டம் தஞ்சை நாட்டைக் கடந்தே பாம்பன் தீவை அடைந்தது. பாலமில்லாத அக்காலத்தில் மண்டபம் என்னும் ஊரின் கரையில் படகேறும்வரை மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருந்த அவர்களுக்கு, தஞ்சைக்குத் தெற்கே ஒரத்தநாடும், கடலோரத்தில் சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் முதலிய ஊர்களின் சத்திரங்களும் அடுத்தடுத்த தங்கிடங்களாயின.

காலமோ, அரசு கைநழுவிய காலம். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே எஞ்சின. படையும் வரியும் போன பின்னர், சத்திரங்களின் பொறுப்பையாவது தம்மிடமே விட்டுவைக்க வேண்டும் என்று கோரி, கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்குச் சரபோஜி 1801இல் ஒரு கடிதம் எழுதினார். அரசியல் விண்ணப்பமாகிய அக்கடிதத்தைச் சற்றே எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும் என்றாலும், சத்திரத்து உணவைப் பற்றி அதைவிடத் தெளிவாகப் பேசும் ஆவணம் அரிது. பிராமணர் முதல் பறையர் ஈறாக, யோகியர், சங்கமர், வைராகியர் ஆகிய துறவியர் உட்பட வருவோர் அனைவருக்கும் சோறு வழங்கப்பட்டது என்றும், பிறர் சமைத்ததை உண்ணாதவர்கள் அரிசியும் அதற்கு வேண்டிய மசாலைப் பொருள்களும் பெற்றுத் தாமே பொங்கிக்கொண்டனர் என்றும் அது தெரிவிக்கிறது. இவ்வழங்கல் நள்ளிரவுவரை நீடிக்கும். அப்போது மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து பெற்றுக்கொள்ளுமாறு அழைப்பார்கள். நோயாளிக்கு மருத்துவரும் பத்தியச் சோறும், பிள்ளைகளுக்குப் பாலும், பிரசவத்துக்கு உதவியும், வழியில் இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கடனும் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குச் சத்திரத்து ஆசிரியர் பாடம் சொன்னார்.

இத்தகைய அன்னதானத்தை, அடுத்த ஆண்டு எழுந்த ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் நடத்துவது எளிதன்று. இன்று இவ்வட்டாரத்து வயல்களுக்குப் பாயும் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், 1934இல் மேட்டூர் அணை முடிந்த காலத்தை ஒட்டியே வந்தது. அதற்கு முன் இது காவிரி வாய்க்கால் எட்டாத, ஏரியையும் மழையையும் நம்பிய மண். ஆகவே மானியக் கிராமங்களின் நெல் வந்துசேராமல் இங்கே உலை கொதித்திருக்க முடியாது.

கட்டடத்தைப் பார்ப்பவர் கண்ணை முதலில் ஈர்ப்பவை முகப்பிலுள்ள செதுக்கு வேலைப்பாடு மிக்க மரத்தூண்கள். பக்கச் சுவரை நெருங்கினால், அடித்தளத்தில் சக்கரங்களும், இழுத்துச் செல்லும் பாவனையில் குதிரைகளும் யானைகளும் அமைந்து, கட்டடமே தேராக உருவகிக்கப்பட்டிருப்பது தெரியும். மண்டபத்தைத் தேராக்கும் இக்கற்பனை, தாராசுரத்துச் சோழர் மண்டபத்தில் முன்பே கண்டது. கோயிலுக்குரிய அவ்வடிவம் அன்னக்கூடத்துக்கு அளிக்கப்பட்டதே இங்கு புதுமை.

சோற்றோடு கல்வியும் இங்கு வழங்கப்பட்டது. நவவித்யா கலாநிதி என்ற பெயரில் அமைந்த பாடசாலையில் பயின்ற மாணவர்கள் சத்திரத்திலேயே உண்டனர். அரண்மனை அச்சுக்கூடத்துக்கும் அதே பெயர்தான். கிரேக்க மரபில் வந்த ஈசாப்பின் நீதிக்கதைகள் 1806இல் மராட்டியில் அச்சேறியது அங்கேதான். மன்னரின் சமையற்கட்டைப் பற்றிய சரபேந்திர பாகசாஸ்திரம் என்னும் மராட்டிச் சுவடியைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. அரசர் உண்டதற்கு நூல் இருக்க, வழிப்போக்கர் உண்டதை மோடி எழுத்துக் கணக்கேடுகளில்தான் தேட வேண்டும். மோடி என்பது மராட்டியர் விரைந்தெழுதக் கையாண்ட எழுத்துமுறை.

1855இல் சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறக்க, தஞ்சை அரசு முடிவுற்றது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் தீவுக்கு நடந்து செல்லும் தேவையே குறைந்தது. பின்னாளில் முக்தாம்பாள் சத்திரம் மாணவர் விடுதியாகப் பயன்பட்டது. அது தன் பழைய அறத்திலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை என்றே கொள்ளலாம். தஞ்சை மராட்டியர் காலத்தை ஓவியத்தையும் நூலகத்தையும் மட்டும் கொண்டு மதிப்பிடுவது போதாது. பெரிய கோயிலோடு திரும்பிவிடும் பயணிகள் பட்டுக்கோட்டைச் சாலையில் இன்னும் சிறிது தூரம் சென்று இச்சத்திரத்தையும் பார்க்க வேண்டும்.