குல்மார்க்கில் பனிநடை பயின்றோம்

பனி என்ற சொல் ஒன்றே. ஆயினும் நம் நாட்டுப் பனி வேறு, வடபுலத்து மலைப் பனி வேறு. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பாட்டிமார் கூறுவர். அவர்கள் கண்டதெல்லாம் விடியலில் புல் நுனியில் தங்கி, கதிரவன் எழுந்ததும் மறைந்துவிடும் பனியேயாகும். பெங்களூரில் வாழும் நமக்கும் மார்கழியில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் உறைந்துவிடுவதே குளிரின் எல்லை. முழங்காலளவு குவிந்து வாரக்கணக்கில் கரையாது கிடக்கும் உறைபனியின்மேல், கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு நடக்கப் பயிலும் வாய்ப்பு, சென்ற மாசித் திங்களில் எங்கள் குடும்பத்துக்குக் கிட்டியது. அன்பர்கள் சிலர் விரும்பியதற்கிணங்க அதனை இங்கு எழுதுகிறோம்.

இவ்வெண்ணம் எங்கள் பதினொரு வயது மகளால் முளைத்தது. குடகு நாட்டைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா என்னும் வீராங்கனை, 2025-இல் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் நடந்த பன்னாட்டுப் பனிச்சறுக்குப் போட்டியில் 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அச்செய்தியை நாளேட்டில் படித்த மகள், "அப்பா, குடகில் பனி பெய்யுமா?" என்று கேட்டாள். அங்கே மழை பெய்யும், காப்பியும் மிளகும் விளையும், பனிக்கட்டி விழாது என்றோம். "அப்படியானால் அவர் எங்கே கற்றார்?" என்றாள். விடை தேடியபோது, அவர் காசுமீரத்துக் குல்மார்க்கில் நடைபெறும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளிலும் நம் கருநாடக மாநிலத்துக்காகப் பதக்கங்கள் வென்றவர் என்பது தெரியவந்தது. அன்று முதல் குல்மார்க் என்னும் பெயர் எங்கள் வீட்டில் நாள்தோறும் ஒலிக்கலாயிற்று.

வீட்டுப் பெரியவர் அஞ்சினார். 2025 ஏப்ரல் 22-ஆம் நாள் பஹல்காமை அடுத்த பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமையை யார்தான் மறப்பர்? "மாப்பிள்ளை, பிழைக்க வந்த ஊரில் ஏதோ பத்திரமாக இருக்கிறோம். பெண் குழந்தையை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?" என்றார் மாமியார். அந்த அச்சம் நியாயமானதே. ஆதலின் நாங்கள் பேசாதிருந்தோம். மறுமொழி சொன்னவர் எங்கள் இல்லத்தரசியார்: "அம்மா, நீ ஜோலார்பேட்டையை விட்டு இந்த ஊருக்குப் புறப்பட்டபோது உன் மாமியாரும் இதையேதான் சொன்னார்களாம்." பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாள்தோறும் இரவில் தொலைபேசியில் பேச வேண்டும் என்னும் உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு, பருப்புப் பொடியும் சுக்குத் தூளும் கட்டிக் கொடுத்தார்.

ரயில்வே ஊழியர்க்குரிய பாஸ் இருந்தமையால் வழிச்செலவு பெரிதாகவில்லை. கர்நாடகா விரைவு வண்டியில் இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் பயணம் செய்து தில்லி சேர்ந்தோம். அங்கிருந்து ஓரிரவில் கட்ரா. கட்ராவில் வண்டி மாறி ஸ்ரீநகர் செல்லும் பாதையில் ஏறியபோது, கோப்புகளில் மட்டும் ரயில்வேயைக் கண்டு பழகிய எங்களுக்கு மெய்சிலிர்த்தது. கட்ராவுக்கும் பனிஹாலுக்கும் இடைப்பட்ட 111 கிலோமீட்டரில் ஏறத்தாழ 97 கிலோமீட்டர் சுரங்கமே. இருளும் ஒளியும் மாறி மாறி வர, செனாப் ஆற்றின்மேல் 359 மீட்டர் உயரத்தில் அமைந்த வளைவுப் பாலத்தை வண்டி கடந்தது. 2025 ஜூன் 6-ஆம் நாள் இப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது முதல், கன்னியாகுமரிக்கும் காசுமீரத்துக்கும் இடையே தண்டவாளத் தொடர்பு அறாமல் நிற்கின்றது. கட்ராவிலிருந்து மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகரில் இறங்கினோம்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தங்மார்க் என்னும் சிற்றூரில் வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி பூட்டுகின்றனர். அதன் பின் தேவதாரு மரங்களினூடே மலையேற்றம். குல்மார்க் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,650 மீட்டர் உயரமுள்ளது. நம் பெங்களூரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆதலின் முதல் நாள் யாதும் செய்யாமல் நீர் பருகி ஓய்ந்திருந்தோம். மூச்சு வாங்குவது இரண்டாம் நாளில் தணிந்தது.

குல்மார்க் செல்வோருள் பலர் தொங்கு வண்டியில் மலைமேல் ஏறி அங்கிருந்து சரிவில் பாய்ந்து இறங்குவதையே பனிச்சறுக்கு என்று எண்ணுகின்றனர். நாங்கள் பயின்றது வேறு வகை. கிராஸ் கன்ட்ரி என்று வழங்கும் இதனைப் பனிநடை எனலாம். பெரும்பாலும் சமநிலத்தில் தன் காலின் வலியாலேயே செல்வது. கோடையில் கோல்ஃப் ஆடும் பரந்த புல்வெளி, குளிர்காலத்தில் இதற்குக் களமாகிறது. வடஐரோப்பாவில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேட்டைக்காரர்கள் இவ்வாறு நடந்தனர். 1924-இல் பிரான்சு நாட்டு ஷமொனியில் நடந்த முதற் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே இது இடம் பெற்றது. பெண்களுக்கு 1952-இல் ஆஸ்லோவில்தான் வாய்த்தது.

இதற்குரிய பலகை ஒடுங்கியது, எடை குறைந்தது. காலணியின் விரற்பகுதி மட்டுமே அதில் பூட்டப்படும்; குதிகால் தூக்கத்தக்கதாய் இருக்கும். பலகையின் நடுப்பகுதி வில்போல் சிறிது மேலெழுந்து வளைந்திருக்கும். பயில்வோர்க்குரிய பலகைகளில் அவ்வளைவின் அடியில் மீன் செதில் போன்ற வரிகள் உள. இரு கால்களிலும் சமமாக நின்றால் செதில்கள் பனியில் அழுந்தா, பலகை வழுக்கும். உடலின் முழு எடையையும் ஒரு காலில் வைத்து அழுத்தினாலோ, வளைவு நிமிர்ந்து செதில்கள் பனியைப் பற்றும். பற்றிய காலால் உந்தி மற்றக் காலில் சறுக்க வேண்டும். பிறகு கால் மாற வேண்டும். முழு வித்தையும் இதுவே.

எங்களுக்குக் கற்பித்தவர் நரைத்த தாடியுடைய காசுமீரப் பெரியவர் ஒருவர். முதற் பாடம் நடப்பதன்று, விழுவது. முன்னோக்கி விழாமல் பக்கவாட்டில் அமர்வதுபோல் சாய வேண்டும். எழும்போது பலகைகளை இணையாக ஒரு பக்கம் சேர்த்து, முழந்தாளிட்டு, பிறகு நிமிர வேண்டும். இதனை ஒரு முற்பகல் முழுவதும் பயின்றோம். எங்கள் மகள் சிரித்துக்கொண்டே விழுந்தாள். நாங்கள் எண்ணிக்கொண்டே விழுந்தோம்.

இரண்டாம் நாள் கைக்கோல்களை வாங்கிக்கொண்டு, கால்களால் மட்டும் நடக்கச் சொன்னார். பலகை ஓரடி சறுக்கி நின்றுவிடும். பெரியவர் அருகே வந்து எங்கள் தோளைத் தொட்டு, "ஆதா நஹீன், பூரா" என்பார். அரையல்ல, முழுமை என்பது பொருள். வழுக்கும் நிலத்தில் அஞ்சியவன் இரு காலிலும் அரையரை எடையை வைத்துக்கொள்கிறான். அதனால் எந்தக் காலும் பற்றுவதுமில்லை, சறுக்குவதுமில்லை. இதனை முதலில் உணர்ந்தவர் எங்கள் இல்லத்தரசியாரே. பெங்களூர் வீட்டு வாசலுக்கு அப்பால் எந்த விளையாட்டும் ஆடியறியாத அவர், மூன்றாம் நாள் பிற்பகல் வெண்ணிறப் புல்வெளியில் தனியே இருநூறு அடி சென்று திரும்பினார். அன்றிரவு தொலைபேசியில் தம் தாயிடம் அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

மேடேறுகையில் பலகைகளின் முன்முனைகளை அகற்றி வைத்து ஏறுகின்றனர். பனியில் மீன்முள் போன்ற தடம் விழுகிறது. இறங்குகையில் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றினால் வேகம் அடங்கும். அவ்வடிவத்துக்குக் கலப்பை என்றே பெயர். உழவர் குடியிற் பிறந்த நமக்கு அந்தப் பெயர் எளிதில் மனத்தில் பதிந்தது.

பெரியவரின் சொல்லை ஊர் திரும்பும் வழியெல்லாம் எண்ணிப் பார்த்தோம். பிறந்த ஊரில் ஒரு கால், பிழைக்க வந்த ஊரில் ஒரு கால் என்று நம்மைப் பற்றிப் பேசுவதுண்டு. இரு கால் இருப்பதில் குற்றமில்லை. இரண்டின்றி நடை ஏது? இரண்டிலும் அரையரையாய் நிற்பதே இடர். நம் பிள்ளைகளுள் பலர் தமிழை அரைகுறையாய்ப் படிக்கின்றனர். கன்னடத்தையும் அவ்வாறே பேசுகின்றனர். தமிழ் வகுப்பில் அமரும்போது முழுமையாகத் தமிழிலும், தெருவில் இறங்கும்போது முழுமையாகக் கன்னடத்திலும் ஊன்றினால் இரு மொழியும் அவர்களைத் தாங்கும் என்பது எங்கள் துணிபு.

தென்னாட்டார்க்குப் பனி ஆகாது என்பாரும் உளர். மடிக்கேரியில் பிறந்த தளபதி திம்மையாவே 1948-இல் குல்மார்க்கில் போர்வீரர்க்கெனப் பனிச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கின் இவ்வோட்டத்தில் 2010-இல் தாஷி லுண்டுப், 2014-இல் நதீம் இக்பால், 2018-இல் ஜகதீஷ் சிங் ஆகிய வடமலை நாட்டு வீரர் நம் நாட்டின் சார்பில் கலந்துகொண்டனர். குடகிலிருந்து சென்ற ஒரு பெண் அவ்வரிசையை நோக்கி நடக்கும்போது, அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் ஒருவர் ஏன் செல்லலாகாது?

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். பனி இப்போது உறுதியானதன்று. 2024 சனவரியில் குல்மார்க் பெரும்பாலும் வறண்டு கிடந்தது; 2025-இல் பிப்பிரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா விளையாட்டுகள் பனியின்மையால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஆதலின் பனி நிலவரத்தையும் பாதுகாப்பு நிலவரத்தையும் விசாரித்தே புறப்படுக. பருத்தி உள்ளாடை வியர்வையில் நனைந்து உடலைக் குளிர்விக்கும், கம்பளி நன்று. பனியில் பட்டெழும் வெயில் கண்ணைக் கெடுக்கும். கறுப்புக் கண்ணாடி இன்றியமையாதது. முறையாகப் பயில்வோர்க்கு மத்தியச் சுற்றுலாத் துறையைச் சார்ந்த பயிற்சி நிறுவனம் குல்மார்க்கிலேயே உள்ளது. இரண்டு திங்களுக்கு முன்பே நாள்தோறும் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நின்று பழகுவது பெரிதும் உதவும்; செலவுமில்லை.

எங்கள் வீட்டில் மூன்று இணைக் கம்பளிக் கையுறைகளும் கறுப்புக் கண்ணாடிகளும் உள்ளன. அடுத்த குளிர்காலத்தில் செல்லும் சங்கக் குடும்பத்தார் எவராயினும் அவற்றை எடுத்துச் செல்லலாம். திரும்பி வந்து தம் அனுபவத்தை இப்பக்கங்களில் எழுதினால் அதுவே போதுமானது.