பாலை நிலத்தில் ஒரு வற்றாத தீர்த்தம்

கோடைக் காலத்தில் தருமபுரியிலிருந்து அரூர் நோக்கிக் காரில் செல்வோர்க்கு வழிநெடுகக் காட்சி தருவது வறண்ட நிலமே. கரும்பாறைகள், முட்புதர்கள், வெடித்துக் கிடக்கும் ஏரிப் படுகைகள், இடையிடையே நிழல் தரும் புளியமரங்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்பது தமிழ் மரபு. அதியமான் ஆண்ட தகடூர் நாட்டில் அப்பாலையை இன்றும் காணலாம்.

விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுக்கின்றனர். செம்மண்ணும் பாறையும் நீலவானமும் அவர்களுக்கு அழகு. உடன்வரும் பெரியோர்க்கோ அக்காட்சி, குடத்தைச் சுமந்து நெடுந்தொலைவு நடந்த நாள்களின் நினைவு. கிணற்றில் நீர் கிடைத்தாலும் கவலை தீர்ந்ததில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தமையால் பல ஊர்களில் பிள்ளைகளின் பற்களில் கறை படிந்தது. முதியோரின் எலும்புகள் நலிந்தன. இக்குறையைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-ல் காவிரி நீரை இப்பகுதிக்குக் கொண்டுவந்தது.

இத்தகைய மண்ணில், அரூரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உயர்ந்து நிற்கிறது தீர்த்தமலை. மலைமீது வடிவாம்பிகையுடன் தீர்த்தகிரீசுவரர் அருள்பாலிக்கிறார். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம் இது.

இலங்கையிலிருந்து திரும்பிய இராமபிரான், இங்கே சிவபூசை செய்ய விரும்பிக் கங்கை நீர் கொணருமாறு அனுமனைப் பணித்தார். அனுமன் வரத் தாமதமாகவே, அம்பு எய்து பாறையைப் பிளந்தார், நீர் பெருகிற்று. பின்னர் வந்த அனுமன், தாம் கொணர்ந்த நீரை வருத்தத்துடன் வீசியெறிய, அது தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமன் தீர்த்தம் ஆயிற்று என்பது தல வரலாறு. முதலில் அனுமன் தீர்த்தத்தில் நீராடி, அதன்பின் மலையேறி இராமர் தீர்த்தத்தில் நீராடுதல் வழக்கம். வருந்திய தொண்டனின் தீர்த்தத்திற்கே முதலிடம் அளித்த பெருமை இவ்வழக்கத்திற்கு உண்டு.

உயர்ந்த பாறையிலிருந்து விழும் இராமர் தீர்த்தம் கோடையிலும் வற்றுவதில்லை என்பர். கீழே வறண்ட நிலத்தைப் படமெடுத்த பிள்ளைகளும், அந்நீர் தலையில் விழும்போது கைப்பேசியை மறந்து கைகூப்புகின்றனர். குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி தீர்த்தங்களும் இம்மலையில் உள்ளன.

மழைநீரை மரவேர்களும் பாறை இடுக்குகளும் காத்து வைத்தால்தான் சுனை சுரக்கும். ஆகவே நெகிழிப் புட்டிகளையும் பழைய துணிகளையும் மலையில் விட்டுவராதிருத்தலும் ஒரு வழிபாடே. நீரின் அருமையை அறிந்த பெரியோர் இதனைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தருதல் வேண்டும்.

முதியோர் வெயிலுக்கு முன் காலையிலேயே படியேறுதல் நலம். ஏற இயலாதோர் அடிவாரத்தில் நின்று மலையை நோக்கி வணங்கலாம். மாசி மகத்தையொட்டி இங்குப் பெருவிழா நடைபெறுகிறது.