நாற்பது யுவான் பேரம்!

கடையில அடிச்சுப் பேரம் பேசி ஜெயிச்சுட்டு, காலரைத் தூக்கி விட்டுக்கிற ஆளா நீங்க? அப்படின்னா கொஞ்சம் இப்படி உட்காருங்க. நானும் உங்க கட்சிதான்... ஒரு பாட்டியைப் பார்க்கிற வரைக்கும்!

எம்.பி.பி.எஸ். படிக்க சீனாவின் சோங்சிங் நகரத்துக்குப் போனவன் நான். அங்கே எனக்குச் சீன மொழி சொல்லிக்கொடுத்த நண்பன் ஒரு லீவுக்குத் தன் ஊருக்குக் கூட்டிட்டுப் போனான். ஊர் பேர் ரோங்சாங். 'சியாபு' துணிக்குப் பேர்போன இடம். 'சியா' என்றால் கோடை, 'பு' என்றால் துணி. ராமி என்கிற செடியோட நாரில், கையாலேயே நெய்கிற கோடைத் துணி.

டவுன் கடையில் ஒரு மேல்துண்டு. விலை 120 யுவான். "என்னங்க இது, கொசுவலை மாதிரி இருக்கு!" என்று ஆரம்பித்து 80-க்கு முடித்தேன். அந்தக் காலத்தில் நிஜமாகவே கொசுவலைக்கும் இதே துணிதான் என்று நண்பன் பிறகுதான் சொன்னான். சும்மா இல்லை பாஸ், பருத்தி பரவுறதுக்கு முன்னாடி சீனத்துச் சாதாரண ஜனங்களோட வெயில்கால உடுப்பே இதுதான். 1972-ல சாங்ஷா நகரத்துப் பக்கம் மாவாங்டுயில், 2,000 வருஷத்துக்கும் மேல் பழைய ஒரு சீமாட்டியின் கல்லறையைத் தோண்டினாங்க. அதில் பட்டோடு சேர்ந்து ராமித் துணியும் கிடைச்சது!

சாயங்காலம் நண்பன் வீடு. வாசலில் அவன் பாட்டி தண்ணிக் கிண்ணத்தோட உட்கார்ந்திருந்தாங்க. வருஷத்துக்கு மூணு தடவை அறுக்கிற செடி அது. தண்டுப் பட்டையை உரிச்சு, மேல்தோலைக் கத்தியால சுரண்டி, காயவெச்ச நாரைத் திரும்ப நனைச்சு, நகத்தால கிழிக்கிறாங்க... முடி மாதிரி! ஒரு இழை தீர்ந்ததும் அடுத்த இழையின் நுனியை ஈரவிரலால முறுக்கி ஒட்டணும். முடிச்சு கிடையாது. ராட்டையும் கிடையாது. இப்படி இணைச்ச நூலைச் சேப்பங்கிழங்கு சைஸுக்கு உருண்டையா சுத்தி வைக்கிறாங்க. அப்புறம்தான் பாவு நீட்டி, அரிசிக் கஞ்சியைப் பிரஷ்ஷால தடவி, தறியில ஏத்துறது. காத்து வறண்டா நூல் பட்டுனு அறுந்துடும். நனைஞ்சா மட்டும் ராமிக்கு இன்னும் பலம் கூடும்!

"நான் ட்ரை பண்ணட்டுமா?" என்று ஜம்பமாக உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு என் கையில் இருந்தது ஒரு முழம் நூல். அதுவும் மூணு இடத்துல பிரிஞ்சுடுச்சு. பாட்டி பொக்கை வாயால சிரிச்சாங்க.

"உனக்குச் சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று நண்பனைக் கேட்டேன்.

"இல்லை. நாரைத் தொட்டாலே கையில அடிப்பாங்க. 'இதுல உட்கார்ந்தா சோறு கிடைக்காது, போய்ப் படி'ம்பாங்க. என் ஸ்கூல் ஃபீஸ் இந்த நூல்லதான் வந்துச்சு."

எனக்குச் சுருக்குனு இருந்தது. பையில் இருந்த துண்டை எடுத்துக் காட்டி, 40 யுவான் குறைச்சுட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். பாட்டி கோபப்படலை. "நீ 80 குடுத்தாலும் 120 குடுத்தாலும் எனக்கு ஒண்ணுதாம்ப்பா. நூலை எடை போட்டு வாங்கிட்டுப் போறாங்க. கடை விலை எனக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான்! மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வழியில்லாம போச்சு.

2008-ல் சீன அரசு சியாபு நெசவைத் தேசியப் பாரம்பரியக் கலைப் பட்டியலில் சேர்த்தது. நல்ல விஷயம்தான். ஆனா, பட்டியல் நூல் இணைக்காதே! அந்தத் தெருவில் நார் கிழிச்ச கைகள் எல்லாம் பாட்டிகளோட கைகள். "கலை அழியுதே"ன்னு புலம்ப எனக்கு ஈஸி. நண்பனைப் படிப்பை விட்டுட்டு வாசல்ல உட்காரச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு?

அந்தத் துண்டு இன்னும் என்கிட்ட இருக்கு. ஒரு முழத்துக்கு என்ன பாடுன்னு என் விரலுக்குத் தெரியும். அதனால ஒண்ணு மட்டும் சொல்றேன் ஃப்ரெண்ட்ஸ்... கைவேலைப் பொருள் வாங்கப் போனா, தாராளமா விலை கேளுங்க. கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்க: "இதுல செஞ்சவங்களுக்கு எவ்வளவுங்க போகுது?"

கடைக்காரர் முழிச்சார்னா, நீங்க சரியான கேள்வியைக் கேட்டுட்டீங்கன்னு அர்த்தம்!